பதினெட்டுக் கையெழுத்துகளும் ஒரு கறுப்புக் கிறிஸ்துவும்

ஒடுக்குமுறைக்கு எதிரான கவிதை என்றதும் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது கோபம்தான். பக்தி ஞாபகம் வருவதில்லை. மத நம்பிக்கை ஆளை அடக்கிவைக்கும், கவிதை எழும்பி நிற்கவைக்கும் எண்டு இரண்டையும் எதிரெதிராக வைத்தே கதைத்துப் பழகிவிட்டோம். அமெரிக்கக் கறுப்பினக் கவிதையின் வரலாற்றை வாசித்தால் இந்தக் கணக்குப் பிழைத்துப்போகிறது.

1761 இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பொஸ்டன் துறைமுகத்துக்கு ஓர் அடிமைக் கப்பல் வந்தது. கப்பலின் பெயர் பிலிஸ். அதில் வந்த, பால்பல் விழுந்துகொண்டிருந்த ஒரு சிறுமியை வீட்லி குடும்பம் விலைக்கு வாங்கியது. கப்பலின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். அவளுக்குத் தாய் வைத்த பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வீட்டில் அவர் ஆங்கிலம், இலத்தீன், பைபிள் எல்லாம் படித்தார். பதின்ம வயதிலேயே கவிதை எழுதினார். ஆனால் ஓர் அடிமைப் பெண் கவிதை எழுதினாள் எண்டால் யார் நம்புவது? மசசூசெட்ஸ் ஆளுநர் உட்பட 18 கனவான்கள், இவை இவள் எழுதியவைதான் என்று கையெழுத்திட்டுச் சான்று கொடுக்கவேண்டி இருந்தது. அந்தச் சான்றோடுதான் 1773 இல் இலண்டனில் பிலிஸ் வீட்லியின் நூல் வெளிவந்தது. ஆபிரிக்க அமெரிக்கர் ஒருவரின் முதலாவது கவிதை நூல் அது.

அவருடைய பிரபலமான எட்டு வரிக் கவிதை ஒன்று இன்றைக்கும் வாசகரைச் சங்கடப்படுத்துகிறது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதை அது இறைவனின் இரக்கம் என்கிறது. அடிமை மனநிலை எண்டு சொல்லி அதைத் தூக்கிப்போட்டவர்கள் கனபேர். ஆனால் முடிவில் குரல் மாறுகிறது. அந்தக் காலத்தில் கறுத்த தோலைக் காயீனின் சாபமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கிறிஸ்தவர்களை நேரே விளித்து, விண்ணகத்தில் எங்களுக்கும் இடமுண்டு, அதை மறக்கவேண்டாம் என்று ஞாபகப்படுத்துகிறார் வீட்லி. எஜமானுக்கு அவனுடைய வேதத்தையே அடிமைப் பெண் படிப்பிக்கிறாள்!

அவர் எங்கே நின்றார் என்பதில் சந்தேகம் இருந்தால் 1774 இல் சாம்சன் ஒக்கம் என்ற பூர்வகுடிப் போதகருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பார்க்கலாம். சுதந்திர வேட்கையை மனித உள்ளத்தில் வைத்தவர் கடவுள்தான் என்கிறார். அடிமை எஜமானர்களைப் பழைய எகிப்தியரோடு ஒப்பிடுகிறார். பத்திரிகைகளிலும் அந்தக் கடிதம் வெளிவந்தது. மனிதர் எல்லாரும் சமம் என்று பிரகடனம் எழுதிய தோமஸ் ஜெபர்சனோ, மதம் ஒரு வீட்லியை உருவாக்கலாம், கவிஞரை அல்ல என்ற கருத்தில் அவரை ஒதுக்கினார். ஜெபர்சனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

எகிப்து என்ற சொல்லின் பாரம் எஜமானர்களுக்கும் விளங்கித்தான் இருந்தது. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807 இல் இலண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். மோசே தன் மக்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுப்போகும் கதை அதில் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதிகள் இருந்தன. ஆனால் அமெரிக்கத் தெற்கின் அடிமைகள் அதே மோசேயின் கதையைத்தான் பாட்டாக்கிப் பாடினார்கள்.

அடிமைமுறை 1865 இல் சட்டப்படி முடிந்தது. அதற்குப் பிறகும் கும்பல் கொலைகள் தொடர்ந்தன. ஹார்லெமில் ஒரு போதகரின் வளர்ப்பு மகனான கவுண்டி கலன், 1925 இல் வெளியான தன் முதல் தொகுப்பில் கடவுளிடமே வழக்காடினார். கடவுள் நல்லவர் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கறுத்த தோலையும் கவித்துவத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுத்த கணக்கு அவருக்கு விளங்கவில்லை. கேள்வி கேட்டதால் அவருடைய நம்பிக்கை குறைந்துவிட்டது எண்டு எங்களால் சொல்ல முடியவில்லை. நம்பிக்கை இல்லாதவர் ஏன் வழக்காடப் போகிறார்?

லாங்ஸ்டன் ஹியூஸ் இன்னும் ஒரு படி போனார். 1931 இல் அலபாமாவின் ஸ்கொட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பாலியல் வன்முறை செய்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதித்தார்கள். தண்டனை நிறைவேற்றப்படவில்லை, ஆனாலும் அவர்களுக்குப் போன சிறை ஆண்டுகள் போனதுதான். அந்த ஆண்டே ஹியூஸ் எழுதிய சிறு கவிதையில் கிறிஸ்து அடிவாங்கும் கறுப்பர். தாய், தெற்கின் கறுப்புப் பணிப்பெண். தந்தை, வெள்ளை எஜமான். அடிமை வீடுகளில் கறுப்பினப் பெண்களுக்கு நடந்ததையும் அந்த ஓர் உறவுமுறையில் சொல்லிவிட்டார். தெய்வநிந்தை எண்டு ஆட்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு, மதத்தை வியாபாரமாக்கியவர்களைச் சாடிக் கிறிஸ்துவுக்கே விடைகொடுத்து இன்னொரு கவிதை எழுதினார். அந்தக் கவிதைக்காக அவரைப் பல ஆண்டுகள் துரத்தினார்கள்.

நன்றி சொன்னவர், வழக்காடியவர், விடைகொடுத்தவர் என்று மூன்று பேரும் மூன்று மாதிரி. ஆனால் தங்கள் மாண்பை வெள்ளையரிடம் கேட்டு வாங்கவேண்டும் என்று மூவருமே எழுதவில்லை. கடவுளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசலாம் என்றால் மனிதருக்கு முன்னால் ஏன் குனியவேண்டும் என்ற கேள்வி மூவரிடமும் இருந்தது.

வீட்லி 1784 இல் வறுமையில் இறந்தார். அவருடைய இரண்டாவது தொகுப்பைப் பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. அன்றைக்குக் கையெழுத்திட்ட 18 பேரில் பலரை இன்றைக்கு நாங்கள் அறிவது அவருடைய புத்தகத்தால்தான்.