கற்றளி: ஒரு கட்டடச் சொல்லின் வரலாறு

சோழர் காலக் கல்வெட்டுகளில் பயின்று வரும் கட்டடக்கலைச் சொற்களுள் ‘கற்றளி’ என்பதும் ஒன்றாகும். ‘தளி’ என்பது கோயிலைக் குறிக்கும் பழஞ்சொல். கச்சித் திருமேற்றளி, பழையாறை வடதளி முதலிய தலப்பெயர்களில் அச்சொல் இன்றும் நிலைத்துள்ளது. கல்லும் தளியும் புணர்ந்து ‘கற்றளி’ என்றாயின. கல்லால் எடுக்கப்பெற்ற கோயில் என்பது அதன் பொருள்.

கல்லால் ஆனது என்று விதந்து கூறவேண்டிய தேவை ஏன் எழுந்தது? முற்காலக் கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் சுதையாலும் அமைந்திருந்தன. மரத்தைச் செல் அரித்தது. செங்கல்லை மழையும் வெயிலும் சிதைத்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி மண்டகப்பட்டில் கோயில் அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. எனினும் அது பாறையைக் குடைந்து எடுத்த குடைவரையாகும். வெட்டியெடுத்த கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவதே கற்றளி. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் பல்லவர் கற்றளிகளுள் தலையாயது.

சோழநாட்டின் காவிரிப் படுகையோ கல் கிடைக்காத வண்டல் நிலம். அங்கே கற்றளி எடுப்பதற்குக் கல்லைத் தொலைவிலிருந்து கொணர வேண்டியிருந்தது. ஆதலின் அது பெரும்பணியாகவும் பெரும்புண்ணியமாகவும் கருதப்பட்டது. திருவாவடுதுறைத் திருப்பணியில் ஈடுபட்ட அடியார் ஒருவர், ‘திருக்கற்றளிப் பிச்சன்’ என்றே பெயர் பெற்றார். கற்றளியின்மீது பித்துக்கொண்டவர் என்பது அப்பெயரின் கருத்து.

இப்பணியில் ஈடிணையற்றவர் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார். பழைய செங்கற் கோயில்கள் பலவற்றை அவர் கற்றளிகளாக்கினார். திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரத்துக் கோயிலைத் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். திருக்கோடிகாவல் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். முன்னோர் அளித்த விளக்கும் நிலமும் பொன்னும் இவ்வாறு மறதியினின்று காக்கப்பட்டன. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலையும் இராசராச சோழன் தன் கல்வெட்டில் ‘திருக்கற்றளி’ என்றே குறிப்பிடுகிறான்.

கடல் கடந்த தமிழரின் கோயில்களும் இவ்வாறே எளிமையில் தொடங்கின. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1827-இல் நாராயண பிள்ளையால் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பப்பட்டது. இன்றுள்ள செங்கற் கட்டடத்தின் மிகப் பழைய பகுதிகள் 1843-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

கொட்டகை செங்கல்லாவதும், செங்கல் கல்லாவதும் வளர்ச்சியே. ஆயினும் ஒவ்வொரு திருப்பணியின்போதும் பழைய கல்வெட்டும், கொடையாளர் பெயர்ப்பலகையும், கணக்கேடும் அழிந்துபோகும் ஆபத்து உண்டு. அவற்றைப் படியெடுத்துக் காத்த பின்னரே பழஞ்சுவரை நீக்குதல் வேண்டும். செம்பியன் மாதேவியார் காட்டிய நெறி அதுவேயாகும்.