சீகன்பால்கும் தஞ்சை எல்லையும்

1709ஆம் ஆண்டில், தரங்கம்பாடியில் வாழ்ந்த செருமானியச் சமயத் தொண்டர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழருடை பூண்டு தஞ்சை நாட்டினுள் புகுந்தார். எல்லைக்கு அப்பால் முதலில் எதிர்ப்பட்ட ஊருக்கு மேல் அவரால் செல்ல இயலவில்லை. அரசன் இசைவு பெறாத ஐரோப்பியர் உள்நாட்டிற் செல்லின் சிறைப்பட நேரும் என்று அவ்வூரில் இருந்தோர் எடுத்துரைத்தனர். தம்மைக் காண வந்து கூடியவர்களோடு உரையாடிவிட்டு அவர் வந்த வழியே மீண்டார்.

தரங்கம்பாடித் திருச்சபை வரலாறு எழுதியோர் இந்நிகழ்ச்சியைச் சில வரிகளில் கூறிச் செல்வர். அச்சகம், புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, பள்ளிகள் ஆகிய பெருஞ் செயல்களுக்கிடையே நிறைவேறாத ஒரு சிறு பயணம் அவர்தம் கருத்தை ஈர்க்காமை இயல்பே. ஆயினும் தமிழ் நூல்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பயணம் ஒரு வினாவை எழுப்புகிறது. தஞ்சை நாட்டின் உள்ளே தடையின்றிச் செல்ல இயலாத ஒருவர், அந்நாட்டு மக்களின் நூல்களையும் வழக்கங்களையும் பற்றி அத்துணை விரிவாக எழுதியது எவ்வாறு? அவர் கடக்க இயலாத எல்லையை அவர்பொருட்டுக் கடந்தவர் யாவர்? இவ்வினாவிற்கு விடை காண்பதே எம் நோக்கமாகும்.

எல்லையின் இயல்பு

தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது 1620ஆம் ஆண்டில். தஞ்சை மன்னன் இரகுநாத நாயக்கன் டேனிய அரசனுக்கு அவ்வாண்டில் வரைந்த மடல் பொன்னோலையிற் பொறிக்கப்பெற்றது. அதன் வாசகம் தமிழ். மன்னன் கையொப்பம் தெலுங்கு. இன்றும் அது டேனிய நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. கடற்கரையில் ஒரு கோட்டையும் சுற்றிலும் சில சிற்றூர்களும் டேனியர்க்குக் கிடைத்தன. அதற்கீடாக அவர்கள் ஆண்டுதோறும் தஞ்சைக்குத் திறை செலுத்தி வந்தனர். எனவே அஃது இரு பேரரசுகளுக்கிடையே அமைந்த எல்லையன்று. நிலம் அளித்தவனுக்கும் அதனைப் பெற்றவனுக்கும் இடையே அமைந்த எல்லையாகும்.

1676ஆம் ஆண்டையொட்டித் தஞ்சை மராட்டியர் ஆட்சிக்குட்பட்டது. அதன் பின்னர் இவ்வெல்லையில் அமைதி நிலைக்கவில்லை. 1699-இல் தஞ்சைப் படை தரங்கம்பாடியை முற்றுகையிட்டது. சென்னையிலிருந்து ஆங்கிலேயர் அனுப்பிய துணையாற் கோட்டை தப்பியது. 1701-இல் தஞ்சை நாட்டிலிருந்த கத்தோலிக்கக் கிறித்தவர்கள் அரசனால் ஒறுக்கப்பட்டனர். இவ்விரண்டும் நிகழ்ந்து பத்தாண்டு நிறைவதற்குள் சீகன்பால்கு எல்லை கடக்க முயன்றார் என்பதை நினைவிற் கொண்டால், அவ்வூரார் கூறிய எச்சரிக்கை வெற்றச்சத்தால் எழுந்ததன்று என்பது விளங்கும்.

அக்காலத்துத் தஞ்சை மன்னன் முதலாம் சாகசி (1684–1712). இவன் கல்வியை வெறுத்தவனல்லன். புலவர் பலரைப் போற்றியவன். 1693-இல் திருவிசைநல்லூரை வடமொழி வல்ல அறிஞர் பலர்க்கு மானியமாக வழங்கியவன். இவனது அவையில் தெலுங்கும் வடமொழியும் மராட்டியும் தமிழும் ஒருங்கே வளர்ந்தன. தமிழ்ச் சைவத்தின் பெருநிலையங்களாகிய தருமபுர ஆதீனமும் திருவாவடுதுறை ஆதீனமும் எல்லைக்கு அப்பால் நெடுந்தொலைவின்றியே அமைந்திருந்தன. திருக்கடவூர்க் கோயிலோ தரங்கம்பாடியினின்று நடந்தே செல்லத்தக்க தொலைவினது. ஆகவே தமிழ் நூல்களைத் தேடிய ஒருவர்க்கு வேண்டிய செல்வமெல்லாம் அவர் எளிதிற் செல்ல இயலாத நிலப்பகுதியிலே குவிந்திருந்தது.

எனினும் இவ்வெல்லை எல்லார்க்கும் அடைபட்டதன்று. நெசவாளரும் வணிகரும் உழவரும் கோயில் வழிபடுவோரும் நாள்தோறும் அதனைக் கடந்தனர். உறவும் கொள்வினை கொடுப்பினையும் இருபுறத்தும் பரவியிருந்தன. ஐரோப்பியர்க்கும் ஒவ்வொரு வழியிலும் ஒரே வகையான தடை இருந்ததில்லை. சீகன்பால்கு 1708-இல் ஒல்லாந்தர் வசமிருந்த நாகப்பட்டினம் சென்று அங்கு அந்தணரோடு நெடுநேரம் சமய உரையாடல் நிகழ்த்தினார். 1710-இல் சென்னைப்பட்டினமும் சென்று வந்தார். தலைநகரை நோக்கிய வழியே அவர்க்கு அடைபட்டிருந்தது.

உடையும் உரையாடலும்

1706 சூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் அவர்தம் தோழர் புளூட்சௌவும் தரங்கம்பாடியை அடைந்தனர். டேனிய அரசன் நான்காம் பிரெடெரிக்கு அவர்களை அனுப்பியிருந்தும், அங்கிருந்த கம்பெனி ஆளுநர் ஹாசியுஸ் அவர்களை விரும்பி ஏற்கவில்லை. 1708 இறுதியில் சீகன்பால்கைக் கோட்டையிற் சிறைவைத்தார். அச்சிறை நான்கு திங்கள் நீடித்தது. ஆக, தம்மவர் வைத்த சிறையினின்று மீண்ட ஆண்டிலேயே, அயலார் சிறையை அஞ்சி எல்லையினின்று திரும்ப வேண்டியவரானார். உள்ளும் இடமில்லை, புறமும் வழியில்லை என்னும் நிலை அவருடையது.

அவர் பூண்ட உடை பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1606 முதல் மதுரையில் வாழ்ந்த இராபர்ட்டு தெ நொபிலி, துறவியுடை பூண்டு தம்மைப் பறங்கியரினின்று வேறுபடுத்திக் காட்டியமை யாவரும் அறிந்ததே. நொபிலிக்கு அவ்வுடை வாழ்நாள் முழுதும் மேற்கொண்ட ஒரு நிலை. சீகன்பால்குக்கு அது வழிச்செல்வதற்கு மேற்கொண்ட ஒரு கோலம். தரங்கம்பாடியில் அவர் செருமானியப் போதகராகவே வாழ்ந்தார். இவ்வேறுபாட்டை மறந்து இருவரையும் ஒரே நெறியினராகக் கூறுதல் பொருந்தாது. மேலும் உடை எல்லையில் உதவவில்லை. ஆளை அறிந்துகொண்ட மக்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவுமில்லை, விரட்டவுமில்லை. வரும் இடரைக் கூறித் திருப்பி அனுப்பினர். அதற்கு முன் அவரோடு பேசவும் செய்தனர். படைகள் பொருத எல்லையில் ஊரார் காட்டிய இந்நடுநிலை குறிக்கத்தக்கது.

இத்தகைய வழியிடை உரையாடல்களைச் சீகன்பால்கு வீணென்று விடவில்லை. சத்திரத்திலும் கோயிற்புறத்திலும் தம் இல்லத்திலும் பலரோடு நிகழ்ந்தவற்றை எழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார். அவ்வகையில் 34 உரையாடல்கள் 1719-இல் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாயின. எழுதியவர் ஒரு கட்சியினர் என்பதை மறத்தலாகாது. ஆயினும் மறுகட்சியினர் எழுப்பிய வினாக்களும் தடைகளும் அவற்றில் மறையாது நிற்கின்றன.

எல்லை கடந்த ஏடுகள்

சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த ஈராண்டிற்குள், அதாவது 1708-இல், தாம் தொகுத்த நூல்களுக்கு ஒரு பட்டியல் வரைந்தார். ‘பிப்லியோதெக்கா மலபாரிக்கா’ என்பது அதன் பெயர். தமிழரை மலபாரியர் என்றல் அக்கால ஐரோப்பியர் வழக்கு. நான்கு பகுதிகளாக அமைந்த அப்பட்டியலில் கிறித்தவ நூல்களும் இசுலாமிய நூல்களும் இடம் பெறுகின்றன; தமிழர்தம் சமயத்தும் கல்வியிலும் வழங்கிய நூல்கள் மட்டும் 119 குறிக்கப்படுகின்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். நூற்பெயர்களைக் கூறுவதோடு அமையாது, ஒவ்வொன்றின் பொருளையும் சுருக்கிக் கூறுகின்றமையால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரைப் பகுதியில் எந்நூல்கள் கைக்கெட்டின, அவை எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டன என்பவற்றை அறிதற்கு இஃது உதவுகிறது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் அவ்வாண்டிலேயே செருமானிய மொழியிற் பெயர்த்தார்.

இவ்வேடுகள் எவ்வாறு வந்தன? தம்மிடம் பணிபுரிந்த தமிழ் எழுத்தர்களை உள்நாட்டிற்குப் பல நாள் வழித்தொலைவு அனுப்பி, மறைந்த அந்தணர்தம் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கச் செய்ததாக அவரே எழுதியுள்ளார். இச்செய்தி மிக இன்றியமையாதது. ஏடு வாங்கச் சென்றவர், ஊர்தோறும் யாரிடம் எந்த ஏடு உள்ளது என்று அறிந்தவராதல் வேண்டும். ஏட்டைப் பிரித்துப் படித்துத் தெரிந்தெடுக்க வல்லவராதல் வேண்டும். தருபவர் நம்பிக்கையைப் பெறக்கூடியவராதல் வேண்டும். எனவே எதனை வாங்குவது, எதனை விடுப்பது என்னும் தேர்வில் அவர்தம் கல்வியும் பங்குகொண்டிருத்தல் வேண்டும் எனக் கருதுகிறோம். வீட்டில் இருந்த ஏடு விலைக்கு வருவதற்கு வறுமையும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. கற்றவன் மறைந்தபின் அவன் கற்ற ஏடு பிறர் கைக்குச் சென்ற வரலாறு பெருமிதத்திற்கு மட்டும் உரியதன்று.

ஏடுகளைக் கற்பித்தவரும் தமிழரே. முதிய ஆசிரியர் ஒருவர் தம் பள்ளியையே சீகன்பால்கு இருந்த இல்லத்திற்கு மாற்றிக்கொள்ள, அவர் அங்குச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பயின்றார். தமிழர் கல்வியற்றவர் எனத் தாம் முன்னர் எண்ணியது தவறு என்று அவர் பின்னர் எழுதியதற்கு இவ்வாசிரியரும் இவ்வேடுகளுமே காரணம்.

இங்கு ஒரு தடையை எதிர்நோக்க வேண்டும். ஏடு தொகுக்கும் பணி 1708-லேயே நடைபெற்றுவிட்டது. எல்லைப் பயணம் 1709-இல் நிகழ்ந்தது. ஆதலின் பயணம் தடைப்பட்டமையாலேயே அவர் ஏடுகளை நாடினார் என்று கூறுதல் கால முறைக்கு ஒவ்வாது. யாமும் அவ்வாறு கூறவில்லை. பயணம் காரணமன்று, சான்று. முன்னும் பின்னும் இருந்துவந்த ஒரு நிலையை அப்பயணம் வெளிப்படக் காட்டுகிறது. ஐரோப்பியர் நிற்கும் இடத்தில் தமிழர் செல்வர் என்பதே அந்நிலை.

அழகப்பனும் மடல்களும்

இந்நிலைக்கு அழகப்பன் வாழ்க்கை தக்க எடுத்துக்காட்டு. ஐரோப்பிய ஏடுகளில் ‘ஆலேப்பா’ என வரும் இவர், டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராயிருந்தவர். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். சீகன்பால்குக்குத் துணையாயிருந்த இவர் தரங்கம்பாடியினின்று வெளியேற்றப்பட்டார். தஞ்சை நாட்டிற் சிறைப்படவும் நேர்ந்தது. சீகன்பால்கு எல்லையில் அஞ்சித் திரும்பிய துன்பத்தை அழகப்பன் உண்மையிலேயே துய்த்தார். இருபுறத்தாரும் அவரை ஐயுற்றனர்.

1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவர்தம் உடன்பணியாளர் கிரண்டலரும் தமிழ் அறிந்தோர்க்கு வினாக்களை எழுதி அனுப்பி விடைமடல்கள் பெற்றனர். இறைக்கொள்கை, சடங்கு, திருமணம், மருத்துவம், கல்வி முதலிய பலவற்றை அம்மடல்கள் விளக்குகின்றன. தமிழர் ஏன் கிறித்தவம் தழுவவில்லை என்ற வினாவிற்கு ஐரோப்பியரின் ஊனுணவும் கள்ளுண்டலும் தூய்மையின்மையும் காரணமாகக் காட்டப்படுகின்றன. 99 மடல்கள் செருமானிய மொழிபெயர்ப்பில் ஆல் நகரில் 1714-லும் 1717-லும் வெளிவந்தன. அவற்றுட் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்பது 1998-இல் அவற்றைப் பதிப்பித்த குர்ட்டு லீபௌ கருத்து. அது கொள்ளத்தக்கதாயின், பலருடைய குரல் என இதுகாறும் எண்ணப்பட்டது பெரும்பாலும் ஒருவர் குரலாகும். அதிலும் எல்லையின் இருபுறத்தும் துன்புற்ற ஒருவர் குரலாகும். அம்மடல்களைத் தமிழ்ச் சமுதாயம் முழுமைக்கும் பொதுச் சான்றாகக் கொள்வோர் இதனை மறத்தலாகாது. தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை என்பதும் உடன் நினையத்தக்கது. நம் கையில் இருப்பது, தமிழர் ஒருவர் அயலார்க்கு எழுதி, அயலார் தம் மொழியிற் பெயர்த்துத் தம் குறிப்போடு வெளியிட்டதாகும்.

செருமானியர் யாவரும் இப்பணியைப் போற்றினர் எனவும் எண்ணற்க. 1711-இல் அவர் எழுதிய ‘மலபாரிய சமயம்’ பற்றிய நூலை 1926-இல் கலந்து என்னும் ஒல்லாந்த அறிஞர் பதிப்பிக்கும்வரை அஃது அச்சேறவில்லை. 1713-இல் எழுதி முடித்த தென்னாட்டுக் கடவுளர் மரபு பற்றிய நூல் 154 ஆண்டு கழித்து, 1867-இல், சென்னையில் கெர்மன் என்பவரால் அச்சேறியது. சமயம் பரப்பச் சென்றவர் பிற சமயத்தை விரித்தெழுதுவதை அவரை அனுப்பியோர் விரும்பவில்லை. தஞ்சை எல்லையைக் கடந்துவந்த செய்திகள் ஐரோப்பாவில் மற்றோர் எல்லையில் நின்றன.

முடிவுரை

சீகன்பால்கு 1719-இல் தம் 36ஆம் வயதில் மறைந்தார். பின்வந்த சுவார்ட்சு ஐயர் 1778 முதல் தஞ்சையிலேயே தங்கி அரசவையிற் செல்வாக்குப் பெற்றார்; 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றனர். அவ்வெல்லை மறைந்தது. ஆனால் எல்லை இருந்த காலத்தில் ஒரு நூற்றொகுதி உருவாயிற்று. அதனைச் சீகன்பால்கின் தொகுதி என்று வழங்குகிறோம். அவ்வழக்குத் தவறன்று, ஆனால் நிறைவுடையதுமன்று.

எல்லையில் எச்சரித்த ஊரார், ஏடு தேடி நடந்த எழுத்தர், ஏட்டை விற்ற கைம்பெண்டிர், மணலில் எழுத்தறிவித்த ஆசிரியர், இருபுறத்தும் துன்புற்ற அழகப்பன் ஆகியோர் இன்றி அத்தொகுதி இல்லை. இவருட் பலர் பெயர் நமக்கு எட்டவில்லை. எனினும் பட்டியலிலுள்ள ஒவ்வொரு நூற்பெயரும் எவரோ ஒருவர் நடந்து சென்று கொண்டுவந்ததாகும். இனி அப்பட்டியலை ஆராயும் மாணவர், அந்நூல் யாது என்று வினவுவதோடு, அஃது எவ்வழியே, எவர் கையால் வந்தது என்றும் வினவுவாராயின், தமிழ் நூல் வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி நிரம்பும். சீகன்பால்கு திரும்பி வந்த வழியில், அவர்க்கு முன்னும் பின்னும் தமிழர் சென்று வந்தனர். அவர்தம் பயணமும் வரலாற்றில் இடம் பெறுதற்கு உரியது.