ஓர் அணு அதிகமாகிப்போன கதை

லேசர் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது சூடுதான். இரும்பை வெட்டும், கண் சத்திரசிகிச்சைக்கு உதவும் என்று அடுக்குவார்கள். அதே லேசரால் குளிரவைக்கவும் முடியும் என்று நாம் சொன்னால் வகுப்பே சிரிக்கும். "அது எப்படி சேர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளைக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

வெப்பம் என்பது துணிக்கைகளின் இயக்கம் என்று படிப்பிக்கிறோம். அப்படியென்றால் துணிக்கையின் வேகத்தைக் குறைத்தால் அது குளிரத்தானே வேண்டும்? 1975இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் தியோடர் ஹேன்ஷும் ஆர்தர் ஷாலோவும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அணு வழமையாக உறிஞ்சும் ஒளியைவிடச் சற்றுக் குறைந்த மீடிறனில் லேசரை வைத்தால், அதை எதிர்த்து வரும் அணுவே அதிகம் உறிஞ்சும். உறிஞ்சும் ஒவ்வொரு போட்டனும் அணுவைச் சிறிது பின்னே தள்ளும்.

சிறிது என்றால், சோடியம் அணுவில் செக்கனுக்குச் சுமார் 3 சென்ரிமீற்றர். அணு வருவதோ செக்கனுக்குப் பல நூறு மீற்றர் வேகத்தில். ஆகவே ஒளியை உறிஞ்சுவதும் வெளிவிடுவதும் பல்லாயிரம் தடவை, தவறாமல் நடக்க வேண்டும். 1985இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் வெறும் 240 மைக்ரோகெல்வினுக்குக் கொண்டுவந்தது. 1997இல் சூ, கோஹன்-தனூஜி, பிலிப்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மூலக்கூறு மட்டும் வசப்படவில்லை. அது அதிரும், சுழலும். ஒளியை வெளிவிட்ட பின் பழைய நிலைக்கே திரும்பாமல் வேறோர் அதிர்வு நிலையில் விழுந்துவிட்டால், லேசருக்கும் அதற்கும் பிறகு தொடர்பில்லை. ஈரணு மூலக்கூறு என்றாலே ஓர் அணு அதிகம் என்று ஷாலோ வேடிக்கையாகச் சொல்வாராம். குளிர்விக்க வழி சொன்ன அதே ஷாலோதான்!

சிலர் அந்த வேடிக்கையோடு நின்றுவிடவில்லை. 2004இல் லொஸ் அலமோஸின் டி ரோசா, குளிர்விக்க ஏற்ற மூலக்கூறுகள் எவை என்று ஆராய்ந்து எழுதினார். 2010இல் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிமில்லின் குழு ஸ்ட்ரொன்சியம் மொனோபுளோரைட்டைத் தெரிவுசெய்தது. அதில் ஒளியை உறிஞ்சும் இலத்திரன் பிணைப்பை அதிகம் பாதிப்பதில்லை. அதனால் நூற்றுக்கு 98 அளவில் பழைய அதிர்வு நிலைக்கே திரும்பும். மீதிக் கசிவைப் பிடிக்க இன்னும் இரண்டு லேசர்கள். சுழற்சியால் வரும் கசிவை, பொருத்தமான நிலைமாற்றத்தைத் தெரிவுசெய்தே அடைத்தார்கள்.

முதலில் ஒரு திசையில் மட்டும் குளிர்ந்தது. 2014இல் அதே குழு மூன்று திசையிலும் குளிர்வித்துப் பொறியில் பிடித்தது. 2017இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கல்சியம் மொனோபுளோரைட்டு 50 மைக்ரோகெல்வினுக்கு இறங்கியது. 2022இல் ஹார்வர்டில் மூன்று அணுக்கள் கொண்ட கல்சியம் மொனோஹைட்ரொட்சைட்டே பொறியில் அகப்பட்டது. 1999இல் காலமான ஷாலோ இவற்றைக் காணவில்லை.

இவ்வளவு சிரமம் ஏன்? பாரமான சில மூலக்கூறுகளின் உள்ளே இலத்திரன் உணரும் மின்புலம், ஆய்வுகூடத்தில் நாம் உண்டாக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு வலியது. மூலக்கூறு மெதுவாகச் சென்றால் அந்த இலத்திரனை நீண்ட நேரம் அவதானிக்கலாம். பிரபஞ்சத்தில் சடப்பொருள் ஏன் எஞ்சியது என்ற கேள்விக்கு அங்கே ஒரு தடயம் கிடைக்கலாம் என்று தேடுகிறார்கள்.

நாமும் வகுப்பில் எத்தனையோ தடவை "அது முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறோம். இவர்களோ எங்கே கசிகிறது, நூற்றுக்கு எத்தனை கசிகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை "ஏன் முடியாது சேர்?" என்று கேட்டால், அந்தக் கணக்கை அந்தப் பிள்ளையோடு சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.