கப்பல் எந்தத் திசையில் சென்றது?

கப்பல் கிழக்கே சென்றதா, மேற்கே சென்றதா?

எட்டாம் வகுப்பு மாணவன் கையில் நிலப்படத்தையும் திசைகாட்டியையும் கொடுத்தால், இதற்கு ஐந்து நிமிடத்தில் விடை கூறிவிடுவான். பிரிட்டிஷ் அரசிடமிருந்து முழு விடையைப் பெற இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று! விடை தெரியாமலா? இல்லை. கடற்படையின் ஏட்டில் அது அன்றே எழுதப்பட்டிருந்தது. கூற மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த விடையை, பல்லைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்த ஒரு மனிதரின் வரலாறு இது. அவர் அமைச்சரல்லர், எதிர்க்கட்சித் தலைவருமல்லர். மன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த சாதாரண உறுப்பினர். பெயர் டாம் டியெல்.

1982 ஏப்ரல் 2-ஆம் நாள், தென் அட்லாண்டிக் கடலிலுள்ள பாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினப் படை கைப்பற்றியது. பிரதமர் மார்கரெட் தாட்சர் கடற்படையை அனுப்பினார். தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் தொலைவுக்கு ஒரு வட்டம் வரையப்பட்டது. ‘இதற்குள் வந்தால் தாக்குவோம்’ என்றது பிரிட்டன். வட்டத்துக்கு வெளியேயும், ஆபத்து விளைவிக்கும் கப்பல் எதுவாயினும் தாக்கப்படலாம் என்று ஏப்ரல் 23-ல் மற்றோர் எச்சரிக்கையும் சென்றது. மே 2-ஆம் நாள், ‘கான்கரர்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல், அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற போர்க்கப்பலை டார்பிடோ வீசி மூழ்கடித்தது. பழைய கப்பல் அது. 1941-ல் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியர் வீசிய குண்டுகளுக்குத் தப்பிய கப்பல். மூழ்கியபோது மாண்டவர் 323 பேர். கட்டாயப் படைச் சேவைக்காக அழைத்து வரப்பட்ட இளைஞர் பலர் அவர்களுள் இருந்தனர்.

இரண்டு நாள் கழித்து, மே 4-ல், பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் மன்றத்தில் எழுந்தார். அர்ஜென்டினக் கப்பல் அணி நம் படையை நெருங்கி வந்து கொண்டிருந்தது, இடையே சில மணி நேரப் பயணத் தொலைவுதான், அன்று இரவு 8 மணிக்குத்தான் நம் நீர்மூழ்கி அதைக் கண்டது என்ற பொருள்பட விளக்கம் தந்தார். அவை ஏற்றுக் கொண்டது. போர்க்காலம்! பத்திரிகைகள் முழங்கின, கொடிகள் பறந்தன, ‘நம் பிள்ளைகள் கடலிலே இருக்கும்போது வினாவா?’ என்ற குரல் எழுந்தது. எந்த நாட்டிலும் எழும் குரல்தான் அது.

டியெல் கேட்டார். போரே கூடாது என்ற கருத்துடையவர் அவர். அதற்காகவே தொழிற்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட், அவர் வகித்த அறிவியல் துறைப் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்.

யார் இந்த டியெல்? ஏழை வீட்டுப் பிள்ளையல்லர். ஸ்காட்லாந்தின் பழைய பிரபு குடும்பம், முந்நூறாண்டு மாளிகை, ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம். மாணவப் பருவத்தில் பழைமைவாதக் கட்சியினர். 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் எகிப்தின்மீது படையெடுத்ததைக் கண்டு மனம் மாறித் தொழிற்கட்சிக்கு வந்தார். ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார் (இதை எழுதுபவனுக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு). 1962-ல் வெஸ்ட் லோதியன் தொகுதி அவரை மன்றத்துக்கு அனுப்பியது. 2005 வரை, 43 ஆண்டுகள், அவர் அங்கே அமர்ந்திருந்தார்.

அவர் கையாண்ட முறையைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘போர் அநியாயமானது’ என்று ஓர் உறுப்பினர் ஒரு மணி நேரம் முழங்கலாம். அமைச்சரும் ஒரு மணி நேரம் முழங்குவார். சொல்லுக்குச் சொல், கைதட்டலுக்குக் கைதட்டல், அத்துடன் முடிந்தது. ஆனால், ‘தாக்கப்பட்டபோது கப்பல் எத்தனை பாகைத் திசையில் சென்று கொண்டிருந்தது?’ என்று கேட்டால்? அதற்கு நாட்டுப்பற்றைப் பற்றிய சொற்பொழிவு விடையாகாது. ஓர் எண்தான் விடை. டியெல் இத்தகைய கேள்விகளையே கேட்டார். நீர்மூழ்கி அக்கப்பலை முதன்முதல் கண்ட நேரம் எது? தாக்கும் ஆணை எந்த இடத்திலிருந்து சென்றது? கப்பல் திசை மாறிய செய்தி யாருக்கு, எப்போது கிடைத்தது? வாய்மொழி வினா, எழுத்து வினா, துணை வினா, கடிதம் என்று எந்த வழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. சக உறுப்பினர்களுக்கே சலித்தது. சலிப்பூட்டுபவர் என்ற பெயரை அவர் பொருட்படுத்தவில்லை.

இரக்கமற்ற கேள்விகள்தான். எனக்கே தெரியும், வகுப்பில் விடை தெரியாத கேள்வி எழும்போது, ‘அது இந்த ஆண்டுப் பாடத்தில் இல்லை’ என்று கூறித் தப்பியவன்தான் நானும். ‘நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு வெளியிட இயலாது’ என்பது அமைச்சர்களின் ‘பாடத்தில் இல்லை’!

1982 இறுதியில் ஒரு சிறு விடை கிடைத்தது. கப்பல் தாக்கப்பட்டபோது 280 பாகைத் திசையில் சென்றது என்று பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்டது. 280 பாகை என்றால் மேற்கு. தன் நாட்டை நோக்கிய திசை! அந்த எண் டியெலிடம் மட்டும் தங்கிவிடவில்லை. 1983 மே 24 அன்று, பொதுத் தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தபோது, பி.பி.சி. தொலைக்காட்சியில் பொதுமக்கள் பிரதமரிடம் வினவும் நிகழ்ச்சி நடந்தது. டயானா கூல்ட் என்ற பள்ளி ஆசிரியை கேட்டார்: வட்டத்துக்கு வெளியே, தீவுகளை விட்டு விலகிச் சென்ற கப்பலை ஏன் தாக்கினீர்கள்? விலகிச் செல்லவில்லை என்றார் பிரதமர். ஆசிரியை விடவில்லை, அந்த 280-ஐ எடுத்துவைத்தார். ‘இரும்புப் பெண்மணி’ என்று பெயர் பெற்றவர் தடுமாறியதை நாடே பார்த்தது. தேர்தலில் தாட்சர் பெரும் வெற்றி பெற்றார், அதையும் மறைப்பதற்கில்லை.

1984-ல் மேலும் உண்மைகள் கசிந்தன. நீர்மூழ்கி அக்கப்பலை மே 2 இரவு கண்டது என்பது பொய். மே 1-ஆம் நாளே கண்டு, பின்தொடர்ந்து சென்றிருக்கிறது. கப்பல் மேற்கே திரும்பியதோ மே 2 காலையிலேயே! நண்பகலில் அமைச்சரவைக் குழு தாக்க இசைவு தந்தபோது கப்பல் திரும்பிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. திசை மாறிய செய்தி தமக்கு அப்போது எட்டவில்லை என்பது அமைச்சர்களின் பிற்கால விளக்கம்.

இங்கே மற்றொருவர் வருகிறார். கிளைவ் பாண்டிங், பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர். டியெலின் வினாக்களுக்கு விடை எழுதித் தரும் பணி இவருடையது. உண்மையான விடையை எழுதித் தந்தார். மேலே அது ஏற்கப்படவில்லை. மன்றத்தின் குழுவுக்கும் சிலவற்றைக் கூறாமல் விட முடிவு செய்யப்படுவதைக் கண்டார். 1984 ஜூலையில், பெயர் குறிப்பிடாமல் இரண்டு ஆவணங்களை டியெலுக்கு அஞ்சலில் அனுப்பினார். டியெல் முறைப்படி நடந்து கொண்டார். அயல்நாட்டு விவகாரக் குழுவின் தலைவரிடம் அவற்றைச் சேர்ப்பித்தார். ஆளுங்கட்சியினரான அத்தலைவர் என்ன செய்தார்? அரசை ஆராய வேண்டிய குழுவின் தலைவர், ஆவணங்களைப் பாதுகாப்பு அமைச்சர் ஹெசல்டைனிடமே திருப்பிக் கொடுத்தார்! களவு போன பொருளைக் கண்டெடுத்தவர், திருடியவனிடமே அதை ஒப்படைத்த கதை.

பாண்டிங் சிக்கினார். 1911-ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு. அரசின் நலனுக்காக உரியவரிடம் செய்தி தந்தேன் என்பது அவர் வாதம். மன்ற உறுப்பினரை விட உரியவர் யார்? நீதிபதியோ, அரசின் நலன் என்பது அப்போது ஆட்சியிலிருப்போரின் கொள்கையே என்ற பொருளில் ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். நாடு வேறு, ஆளுங்கட்சி வேறு என்ற வேறுபாடே ஒரு வாக்கியத்தில் அழிந்தது! 1985 பிப்ரவரி 11-ல், பன்னிரண்டு சாதாரணக் குடிமக்கள் அவ்விளக்கத்தைக் கேட்டுக் கொண்டார்கள். பிறகு, குற்றவாளியல்லர் என்று தீர்ப்பளித்தார்கள். அரசு பாடம் கற்றது; தன் வழியில்தான் கற்றது. 1989-ல் புதிய இரகசியச் சட்டம் வந்தபோது, பாண்டிங் எடுத்துவைத்த வாதத்துக்கு அதில் இடமில்லை.

1911 சட்டத்தின் வழியில் வெள்ளையர் ஆட்சி இங்கே இயற்றிய 1923-ஆம் ஆண்டு இரகசியச் சட்டம், வெள்ளையர் போன பின்னும் இந்தியாவில் நீடிக்கிறது என்பதை நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டும். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதன் பிடியைத் தளர்த்தியதே தவிர, நீக்கவில்லை. சட்டமன்றங்களில் வினாக் கேட்கும் உரிமை 1892-ல்தான் இந்தியருக்குக் கிடைத்தது. துணை வினாக் கேட்க 1909 வரை காத்திருந்தனர். முதல் கேள்விக்கு விடை எழுதிக் கொண்டு வருகிறவர், இரண்டாம் கேள்விக்கு என்ன செய்வார்? அந்த அச்சத்தின் விலை பதினேழு ஆண்டுகள்!

டியெல் கூறியவை யாவும் மெய்ப்பிக்கப்பட்டனவா? இல்லை. பெரு நாட்டின் குடியரசுத் தலைவர் முன்வைத்த சமாதானத் திட்டத்தைக் கெடுக்கவே தாட்சர் கப்பலை மூழ்கடிக்கச் செய்தார் என்பது அவருடைய பெருங்குற்றச்சாட்டு. அதற்குச் சான்று கிட்டவில்லை. 1985-ல் மன்றக் குழுவின் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. மூழ்கிய கப்பலின் தலைவர் ஹெக்டர் பொன்சோவே பிற்காலத்தில், தாக்குதல் போர்க்குற்றமன்று, மேற்கே சென்றது தற்காலிகமான நகர்வே என்ற கருத்தைத் தெரிவித்தார். பகுத்தறிவாளர் இதை விழுங்கிவிட்டுப் பேசலாகாது. நமக்குப் பிடித்தவர் சொன்னார் என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. ஆனால், மே 4-ல் மன்றத்துக்குக் கூறப்பட்டவை உண்மைக்கு மாறானவை என்பதும், அவை நெடுங்காலம் திருத்தப்படாமல் விடப்பட்டன என்பதும் ஐயத்துக்கிடமின்றி நிலைநின்றன. தாக்கியது சரியா, தவறா என்பது ஒரு வழக்கு; மன்றத்தில் பொய் கூறலாமா என்பது மற்றொரு வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசியதுதான் டியெலின் குறை. அந்த மன்றத்திலே ஒரு விசித்திர விதி வேறு! ஓர் உறுப்பினர் உண்மைக்கு மாறாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கலாம். அவரை ‘பொய்யர்’ என்று கூறியவர் வெளியேற வேண்டும். டியெல் பலமுறை வெளியேற்றப்பட்டார்.

உள்நாட்டுக் கொள்கையிலும் அவர் விட்டுச் சென்ற கேள்வி ஒன்றுண்டு. 1977 நவம்பர் 14-ல், ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் அமைக்கும் மசோதா விவாதத்தில் கேட்டார்: ஸ்காட்லாந்தின் கல்வி, மருத்துவம் பற்றி இங்கிலாந்து உறுப்பினர் வாக்களிக்க முடியாது, இங்கிலாந்தின் கல்வி, மருத்துவம் பற்றி ஸ்காட்லாந்து உறுப்பினர் வாக்களிக்கலாமா? இதற்கு ‘வெஸ்ட் லோதியன் கேள்வி’ என்று ஈனாக் பவல் பெயரிட்டார். வெறும் தர்க்கமன்று அது. ஸ்காட்லாந்து மன்றம் 1999-ல் அமைந்தது. 2004 ஜனவரியில், இங்கிலாந்துப் பல்கலைக் கழகங்களின் கட்டணத்தை உயர்த்தும் மசோதா இரண்டாம் வாசிப்பில் 5 வாக்கு வேறுபாட்டில் தேறியது. ஸ்காட்லாந்து உறுப்பினர் வாக்கு இல்லாதிருந்தால் தோற்றிருக்கும். 2015-ல் இதற்கென ஒரு விதி வகுத்தார்கள். 2021-ல் அதையும் நீக்கினார்கள். கேள்வி அப்படியே நிற்கிறது.

மாநில சுயாட்சியை விரும்பும் நமக்கு அவர் இதிலே எதிரணிதான். தனி மன்றமே வேண்டாம் என்பதற்காக எழுப்பிய வினா அது. என் விடை இது: ஒரு பகுதிக்கு மட்டும் உரிமை தந்தால்தான் இந்தச் சிக்கல், எல்லா மாநிலத்துக்கும் சட்டமன்றம் உள்ள இந்தியாவில் இக்கேள்வி அந்த வடிவில் எழுவதில்லை. ஆனால், அவர் கேட்டிராவிடில் நான் இந்த விடையைத் தேடியிருக்க மாட்டேன்.

தம் கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் அவர் வாய் மூடவில்லை. 2003-ல் டோனி பிளேர் ஈராக் போரில் இறங்கியபோது, நெடுங்காலத் தொடர்பணியால் ‘மன்றத் தந்தை’ என்ற மதிப்பில் இருந்த டியெல், எதிர்த்து நின்றோருள் ஒருவர். 2017 ஜனவரியில் மறைந்தார்.

அவர் வெற்றி கண்ட முதற்பெரும் கேள்விப் போர், மனித உயிருக்காக அன்று, ஆமைகளுக்காக நடந்தது! இந்துமாக் கடலிலுள்ள ஆல்டாப்ரா தீவில் விமானத் தளம் அமைக்க பிரிட்டன் திட்டமிட்டது. பேராமைகள் வாழும் தீவு அது. பிரிட்டனின் அறிவியல் கழகத்தார் பதறினர். செய்திகளைத் திரட்டி டியெலிடம் தந்தனர். வினாக்கள் மன்றத்தில் மழையாகப் பொழிந்தன. 1967 நவம்பரில், பவுன் நாணய மதிப்புக் குறைந்து பணமுடை நெருக்கிய வேளையில், அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஆமைகள் பிழைத்தன. தளம் அதே கடலிலுள்ள டீகோ கார்சியாவுக்குச் சென்றது. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் குடிகளல்லர், வந்து போகும் ஒப்பந்தக் கூலிகளே என்பதுதான் உலகுக்கு அரசு காட்டிய கணக்கு. அக்கணக்கு பொய் என்று எடுத்துக்கூற, ஆமைகளுக்கு இருந்ததுபோல் அறிஞர் கழகம் ஒன்று அத்தீவினருக்கு இல்லை. 1968 முதல் 1973 வரை அவர்கள் மொரீஷியசுக்கும் சேஷெல்சுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள்.