குறி சுட்ட மாடு

வன்னியில் எங்கள் வட்டக்கச்சியில் மாட்டுவண்டிச் சவாரி ஆதியிலிருந்தே இருக்கிற விளையாட்டு என்று இளசுகள் நினைக்கிறார்கள். இல்லை, அது லொறியில் வந்து இறங்கினது. 1950களில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேற்றக் காணி எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் எங்கள் ஐயாவும் ஒருவர். சட்டிபானை, மண்வெட்டியோடு ஒரு சவாரி வண்டிலின் சில்லுகளையும் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்தாராம். காடு வெட்டின கையோடு நேரான திடல் ஒன்றைத் தேடினார்கள். கோயிலைப் பிறகுதான் யோசித்தார்கள் என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டா.

வன்னிக்கென்று வேறொரு மாட்டு வீரம் முன்பே இருந்தது. காட்டில் பிறந்து ஆள்வாடை படாமல் வளர்ந்த குழுமாட்டை வார்க்கயிற்றால் சுருக்கிட்டுப் பிடித்து, மரத்தோடு கட்டிப் பழக்குவார்கள். ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கொடுத்த நாடு இது. வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை யானையை அடக்கின கதையை ஒப்பாரியாகப் பாடுகிற சனம். அவர்களுக்குப் பழக்கின மாட்டைப் பூட்டி ஓடவிடுவதில் என்ன புதினம்? முள்ளியவளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஐயாவின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "கட்டின மாட்டை ஓட்டுறதுக்கு ஏன் தம்பி இவ்வளவு சத்தம்?" என்று கேட்டாராம். ஐயா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உள்ளுக்குள் சுட்டுமிருக்கும்.

சத்தத்துக்குக் காரணம் உண்டு. சவாரி வண்டில் பாரம் ஏற்றுகிற வண்டிலல்ல. மெலிந்தது, கல் தட்டினாலே துள்ளும். சோடி மாடு இரண்டுக்கும் நடை ஒத்திருக்க வேண்டும். ஒன்று முந்தினால் நுகம் கோணி வண்டில் பக்கத்துக்கு இழுபடும். அதனால் நல்ல மாடு ஒன்று கையில் இருந்தாலும் அதற்கொத்த சோடி தேடியே வருடங்கள் போகும். ஐயா எங்களுக்குத் தராத முட்டையை மாட்டுக்குப் பருக்கினார். துவரங்கம்பின் நுனியில் ஆணி வைத்துக் குத்துகிறவர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. மிருகவதைத் தடைச் சட்டம் 1907இலேயே வந்தது. அதில் தண்டப்பணம் 100 ரூபாவைத் தாண்டாது. அதற்குப் பயந்து கம்பைக் கீழே போட்டவனை நான் காணவில்லை.

1970க்குப் பிறகு இறக்குமதித் தடையால் மிளகாய்க்கு விலை ஏறியது. அந்தக் காசில் வன்னியில் உழவு மெசின் வந்தது, மாடு வயலை விட்டது. ஆனால் திடலை விடவில்லை. 1990களின் போர்க்கால எரிபொருள் தடையில் திரும்பவும் எல்லாம் வண்டில்தான். ஓட்டத்துக்கென்று வளர்த்த மாடுகள் விறகு இழுத்தன.

2009 தொடக்கத்தில் போர் துரத்தக் கிழக்கே நடந்தோம். தருமபுரம், விசுவமடு என்று ஒவ்வொரு ஊராக விட்டுப் போனபோது, எங்கள் சோடியை நான்தான் அவிழ்த்துவிட்டேன். கட்டையில் நின்று சாகக்கூடாது என்று கயிற்றையும் அறுத்தேன்.

அகதி முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தால் ஊரெங்கும் மனிதரைக் கண்டால் வெருளுகிற மாடுகள். சவாரிக்குப் பழக்கின பரம்பரை முழுக்கக் குழுமாடாகிவிட்டது. ஒரு பின்னேரம் வாய்க்கால் கரையில் எங்கள் சோடியில் ஒன்றான மயிலையைக் கண்டேன். தொடையில் ஐயா சுட்ட குறி, கழுத்தில் நுகம் தேய்த்த காய்ப்பு. மற்றதைக் காணவில்லை. நைலோன் கயிற்றோடு இரண்டு நாள் திரிந்தேன். முழங்காலை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். வார்க்கயிறு போடத் தெரிந்த யாரும் எங்கள் பக்கத்தில் மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு மந்தையோடு பற்றைக்குள் இறங்கிவிட்டது. சவாரித் திடலைத் திரும்பத் துப்புரவாக்கினபோது நான் கொண்டுபோனது கடனுக்கு வாங்கின சோடி. ஒன்றுக்கொன்று நடை ஒத்துவராது.