பொன்னிவளா (அனிமேஷன் தொடர்)

பொன்னிவளா, கொங்கு நாட்டு அண்ணன்மார் சுவாமி கதையை வைத்து எடுக்கப்பட்ட 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடர். 'தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்பது முழுப்பெயர். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் தயாரித்தார்; ஓவியத்துக்கும் அசைவூட்டத்துக்கும் தலைமை ஏற்றவர் ரவிச்சந்திரன் ஆறுமுகம். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் உருவாகி, கனடாவிலும் தமிழ்நாட்டிலும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பவானி கூடுதுறையைத் தாண்டி ஓடும் காவிரியாகிய பொன்னியை நம்பிய வளநாடே கதைக்களம்.

கலகலப்பாகத் தொடங்கிப் போகப்போகக் கனத்துவிடும் தொடர்கள் ஜப்பானிய அனிமேயில் நிறைய உண்டு. குறும்புக்காரச் சிறுவனின் சேட்டைகளோடு 2002-இல் தொடங்கிய 'நருட்டோ' பெரும் போர்க்கதையாக வளர்ந்தது பலரும் அறிந்ததே. பொன்னிவளாவும் அந்தப் போக்கில்தான் செல்கிறது. ஆனால் இது திரைக்கதை ஆசிரியர் யோசித்துச் செய்த உத்தி அன்று. உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் வழிவழியாகக் கதை சொல்லிவந்த முறையே இப்படித்தான்.

மூலம்

பெக் 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர். 1965-இல் அங்கே உடுக்கைக் கலைஞர் ஒருவர் துணைப்பாடகரோடு 18 இரவுகள் பாடிய கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே கலைஞரை நிதானமாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்ட வடிவமும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு அவர் எழுதிய 'தி த்ரீ ட்வின்ஸ்' நூல் 1982-இல் வந்தது. தமிழில் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' பரவலாக அறியப்பட்டது. மு. கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' நாவல் 2011-இல் தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடிக்கத் திரைப்படமானது. படம் அண்ணன்மாரின் வீரத்தையே முன்னிறுத்த, அனிமேஷன் தொடரோ தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறைக் கதையையும் சொல்கிறது. அதனால்தான் நிறம் மாற அதற்கு நேரம் கிடைக்கிறது.

கதைப்போக்கு

பார்வதி படைத்த ஒன்பது சகோதரர்களில் மூத்தவரான கோளாத்தா காட்டைத் திருத்தி வயலாக்குகிறார். பிள்ளையில்லாக் குறை, பாறைக் குவியலில் கிடைத்த குழந்தை குன்னுடையான், அநாதையாகி மாடு மேய்க்கப் போன அவன் தாமரையைக் கைப்பிடிப்பது என ஆரம்பப் பகுதிகள் அம்மாயி சொல்லும் கதை போல ஓடுகின்றன. தெய்வங்கள் வீட்டு மனிதர்களாட்டம் வந்து போகிறார்கள்.

முதல் கனம் தாமரையின் தவத்தில் ஏறுகிறது. கம்பத்தின் மேல் அவள் 21 ஆண்டுகள் தவமிருக்கிறாள். வரமாகப் பொன்னர், சங்கர், தங்கை தங்காள் ஆகிய மூவரும் கிடைக்கிறார்கள். ஆனால் அண்ணன்மாரின் ஆயுள் 16 வயதோடு முடியும் என்பது பிறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் எந்தச் சிரிப்பும் பழைய சிரிப்பாக இருப்பதில்லை.

கொம்பன் என்ற காட்டுப்பன்றியின் வேட்டை இதற்கு நல்ல சான்று. வயல்களை அழித்த அந்த முரட்டுப் பன்றியை அடக்க ஆண்கள் ஆரவாரமாகப் புறப்படுகிறார்கள். பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெட்டைநாயை யாரும் கூப்பிடவில்லை. அது கோபித்துக்கொண்டு சாபமிட, வேட்டைக்குப் போனவர்கள் நோயில் சுருண்டு விழுகிறார்கள். கடைசியில் அதையே வருந்தி அழைத்துவர வேண்டியதாகிறது. அது பன்றியின் விதையைக் கவ்விய பிறகுதான் சங்கரால் கொம்பனைக் கொல்ல முடிகிறது. பாட்டு நடக்கும் ஊரில் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது. ஆனால் கொம்பன், காட்டில் வாழும் வேட்டுவர்களின் செல்லப் பன்றி. அதன் சாவே மோதலாக முற்றி, அண்ணன்மாரைப் படுகளத்துக்கு இழுத்துச் செல்கிறது. நெஞ்சில் பாய்ந்த அம்பைக் கண்டு காலம் முடிந்ததை உணரும் சங்கர், தன் வாள்மேலேயே விழுந்து உயிர்விடுகிறான். பொன்னரும் அவ்வழியே போகிறான். தங்காள் அண்ணன்களைத் தேடி அலைந்து, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உயிர்ப்பித்துப் பேசும் பகுதியே தொடரின் உச்சம்.

மதிப்பீடு

அனிமே பார்வையாளர் அடுத்து என்ன என்று தெரியாமல் பார்க்கிறார். கொங்குக் கிராமத்தில் உடுக்கடிப் பாட்டுக்கு உட்காருபவருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். பாட்டு படுகளத்தை எட்டும்போது சிலர் அருள் வந்து மாண்டவர்போலத் தரையில் சாய்வதும், தங்காளாக நிற்கும் பெண் தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவதும் இன்றும் நடக்கும் சடங்கு. திரையில் அந்தப் பதற்றம் கிடையாது. தட்டையான, அடர்வண்ணச் சித்திரங்களின் அசைவு கட்டையானது. டோக்கியோ ஸ்டூடியோக்களின் வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

வேட்டுவர் தரப்பில் தங்கள் தலைவன் தலையூர்க் காளியை வீரனாகப் போற்றும் வழக்கும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஒரு கலைஞரின் பாட்டிலிருந்து பிறந்த தொடர் எல்லாத் தரப்பையும் சொல்லிவிட முடியாது. கதை சித்திரப் புத்தக வரிசையாகவும் வெளிவந்துள்ளது. அண்ணன்மாரின் படுகளமாக வணங்கப்படும் வீரப்பூர், திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே உள்ளது. திருவிழா மாசி மாதத்தில் நடைபெறுகிறது.