குழாய்வழி அரிமான வளர்ச்சிக் கண்காணிப்பு

குழாய்வழி அரிமான வளர்ச்சிக் கண்காணிப்பு என்பது, எண்ணெய் மற்றும் இயற்கை எரிவளி கொண்டு செல்லும் எஃகுக் குழாய்களில் ஏற்படும் அரிமானம் ஆண்டுக்கு எவ்வளவு ஆழமாகிறது என்பதைத் தொடர்ந்து அளந்து, குழாயின் எஞ்சிய வாழ்நாளைக் கணிக்கும் தொழில்நுட்பம் ஆகும். ஒரு குழாயில் அரிமானம் உள்ளதா என்பதை மட்டுமன்றி, அது எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பதையும் இது ஆராய்கிறது.

அரிமானத்தின் வகைகள்

குழாயில் அரிமானம் இரு புறங்களிலும் ஏற்படலாம்.

உள் அரிமானம்: எரிவளியுடன் கலந்து வரும் நீர், கரியமில வாயு, ஐதரசன் சல்பைடு ஆகியவற்றால் ஏற்படுகிறது. குழாயின் தாழ்வான இடங்களில் நீர் தேங்குவதால் அவ்விடங்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

வெளி அரிமானம்: குழாயின் மேற்பூச்சு சேதமடைந்த இடங்களில் மண்ணின் ஈரமும் உப்புகளும் எஃகைத் தாக்குவதால் ஏற்படுகிறது.

பெரம்பலூர், அரியலூர் பகுதி

காவிரிப் படுகையின் உட்பிரிவுகளுள் ஒன்று அரியலூர்-புதுச்சேரி உட்படுகை என்று அழைக்கப்படுகிறது. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்குப் பெட்ரோலியப் பொருட்களைக் கொண்டு செல்லும் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குழாய்வழியும் இந்நிலப்பகுதியைக் கடந்தே செல்கிறது.

இவ்விரு மாவட்டங்களிலும் கரிசல் மண் பரவலாக உள்ளது. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் இயல்புடையது. இத்தகைய மண், புதைக்கப்பட்ட குழாயின் மேற்பூச்சை இழுத்துப் பிரிக்கக் கூடியது. ஈரமான களிமண்ணின் மின்தடை குறைவு என்பதால் அரிமான மின்னோட்டம் எளிதில் பாய்கிறது. காரை போன்ற ஊர்களின் களிப்பாறைகளில் சிப்சம் காணப்படுகிறது. சிப்சம் ஒரு கால்சியம் சல்பேட்டு ஆகும். காற்றுப் புகாத ஈர மண்ணில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்து அரிமானத்தை விரைவுபடுத்துகின்றன. எனவே ஒரே குழாயில் வெவ்வேறு இடங்களில் அரிமான வேகம் வேறுபடும்.

கண்காணிப்பு முறைகள்

எடை இழப்புத் தகடு: குழாயினுள் சிறு எஃகுத் தகட்டைப் பொருத்தி, சில மாதங்கள் கழித்து எடுத்து எடை பார்க்கும் எளிய முறை.

மின்தடை ஆய்வுமுனை: மெல்லிய உலோக முனை அரிக்கப்படும்போது அதன் மின்தடை உயர்வதை அளக்கிறது.

எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு அளவீடு: வெளி அரிமானத்தைத் தடுக்கக் குழாய்க்கு மின்னோட்டம் கொடுக்கப்படுகிறது. செம்பு-செம்புச் சல்பேட்டு ஒப்பு மின்வாயைக் கொண்டு அளக்கும்போது குழாயின் மின்னழுத்தம் -850 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

உள்ளாய்வுக் கருவி: 'பிக்' எனப்படும் இக்கருவி, குழாயில் பாயும் பொருளின் அழுத்தத்தாலேயே உள்ளே தள்ளப்பட்டுச் செல்கிறது. காந்தப்பாயக் கசிவு முறையிலோ மீயொலி முறையிலோ குழாய்ச் சுவரின் தடிமனைப் பதிவு செய்கிறது.

வளர்ச்சி வேகத்தைக் கணித்தல்

இரு உள்ளாய்வுகளில் கிடைத்த ஆழங்களின் வேறுபாட்டை இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தால் வளர்ச்சி வேகம் கிடைக்கும். இதற்கு இரு பதிவுகளிலும் உள்ள குழிகள் ஒன்றே என உறுதி செய்ய வேண்டும். குழாய்களை இணைக்கும் பற்றவைப்பு வளையங்கள் இதற்கு அடையாளக் கற்களாகப் பயன்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 6.4 மிமீ தடிமனுள்ள சுவரில் ஒரு குழியின் ஆழம் முதல் ஆய்வில் 1.2 மிமீ, 5 ஆண்டுகள் கழித்து 2.2 மிமீ எனக் கொள்வோம். வேகம் ஆண்டுக்கு 0.2 மிமீ. சுவரின் 80 விழுக்காடு, அதாவது 5.12 மிமீ என்பதை எல்லையாகக் கொண்டால், எஞ்சிய காலம் 14.6 ஆண்டுகள். ஆனால் ஒவ்வோர் அளவீட்டிலும் சுவர்த் தடிமனில் 10 விழுக்காடு பிழை இருக்கலாம். இரு பிழைகளையும் சேர்த்துக் கணித்தால் உண்மை வேகம் 0.02 முதல் 0.38 மிமீ வரை எதுவாகவும் இருக்கக்கூடும். மேல் எல்லையின்படி எஞ்சிய காலம் ஏறத்தாழ 8 ஆண்டுகளே. இதனால்தான் சில இடங்களில் மண்ணைத் தோண்டி நேரடியாக அளந்து சரிபார்க்கின்றனர். நீளமான அரிமானம் இவ்வெல்லையை எட்டுமுன்னரே அழுத்தத்தால் வெடிக்கக் கூடும் என்பதால் குழியின் நீளமும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

விபத்துகள்

2000 ஆகத்து 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்சுபாடு அருகே எரிவளிக் குழாய் வெடித்து 12 பேர் இறந்தனர். உள் அரிமானமே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

2014 சூன் 27 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்னும் ஊரில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர் எரிவளிக்கென அமைக்கப்பட்ட குழாயில் ஈர எரிவளி கொண்டு செல்லப்பட்டதும், அதனால் ஏற்பட்ட அரிமானமும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன.

2017 சூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் வயலில் பரவியது. இதையடுத்து அங்கு மக்கள் போராட்டம் நடைபெற்றது.

சட்டமும் ஆய்வும்

1962 ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்வழிச் சட்டத்தின்படி நிலத்தின் உடைமை உழவரிடமே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டுமே பெறப்படும். குழாய் செல்லும் பட்டையில் கட்டடம் கட்டுவதும், கிணறு வெட்டுவதும், மரம் நடுவதும் கூடாது. எனவே குழாயின் நலம் அந்நிலத்தில் உழைப்பவரின் பாதுகாப்போடு பிணைந்தது. இயற்கை எரிவளிக் குழாய்களுக்கான ஒருமைப்பாட்டு மேலாண்மை விதிமுறைகளைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவளி ஒழுங்குமுறை வாரியம் 2012 இல் வெளியிட்டது. 1953 இல் தொடங்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானம் குறித்து ஆராயும் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

அரிமானம்
காவிரிப் படுகை
மீயொலி
எஃகு